முதுமைக் காலத்திற்கும் ஒரு பயிர்த்திட்டம்

மாதச் சம்பளம் வாங்குவோருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். அன்று கைக்கு வரும் தொகையும், அதன் பின் மாதந்தோறும் கிடைக்கும் தொகையும் ஓரளவு தெரியும். உழவருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. உடம்பு இடம் கொடுக்கும் வரை மண்வெட்டி பிடிக்கிறார். ஒரு நாள் முடியாமல் போகிறது. அந்த நாளில் அவர் கையில் என்ன இருக்கும் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது.

'நிலம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பதே பெரும்பாலோர் கூறும் பதில். இரண்டும் பெரிய பலம்தான். ஆனால் நிலம் தானாக வருவாய் தராது. அதில் இறங்கி வேலை பார்க்க ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கலாம். வாடகை, பள்ளிக் கட்டணம் என்று அவர்களுக்கும் செலவு இருக்கும். மனம் இருந்தும் கொடுக்க முடியாத மாதங்கள் வரும்.

ஆகவே முதுமைக் கால வருவாய்க்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அது உடலுழைப்பு இல்லாமல் வரவேண்டும். தவணை தவறாமல் வரவேண்டும். தம் பெயரிலேயே வரவேண்டும். எந்த முதலீட்டையும் இம்மூன்றையும் வைத்தே எடை போட வேண்டும். நகை ஆபத்துக்கு உதவும். ஆனால் மாத வருவாய் தராது. மகன் பெயரில் வாங்கிய மனைக்கு விலை ஏறும்; ஆனால் வருவாய் தம் பெயரில் வராது.

எவ்வளவு தேவைப்படும்?

சாகுபடிச் செலவு, திருமணம், படிப்பு ஆகியவற்றை நீக்கி, வீட்டுச் செலவை மட்டும் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்திற்கு அது 10,000 ரூபாய் எனக் கொள்ளலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 48 வயதுள்ளவருக்கு இதே குடும்பச் செலவு 60 வயதில் 20,000 ரூபாயாகவும், 72 வயதில் 40,000 ரூபாயாகவும் இருக்கும். சொந்த வீடு, வீட்டுக்கு வேண்டிய அரிசி, பால், காய்கறி ஆகியவை இருந்தால் தேவை குறையும். ஆனால் வயது ஏற ஏற மருந்துச் செலவு கூடும் என்பதை மறக்கலாகாது.

முதலில் கடனை அடைத்தல்

நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். அந்தக் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீத வட்டிக்குச் சேமிப்பது, மடை உடைந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றது. எனவே வெளிக்கடனை முதலில் அடைக்க வேண்டும். பயிர்க்கடனைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ உழவர் கடன் அட்டை மூலம் பெற்று, தவணைக்குள் திருப்பிச் செலுத்தினால் வட்டிச் சலுகை கிடைக்கும். 60 வயதை எட்டும்போது தம் பெயரில் எந்தக் கடனும் இல்லாதிருப்பதே முதுமைக்கான முதல் முதலீடு.

காலத்தே பயிர் செய்தல்

ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், 7 சதவீதக் கூட்டு வட்டியில் 60 வயது வரை சேர்த்து வந்தால் கிடைக்கும் தொகை கீழே தரப்படுகிறது.

30 வயதில் தொடங்கினால்: கட்டுவது 3.60 லட்சம், கிடைப்பது சுமார் 11.33 லட்சம்.

40 வயதில் தொடங்கினால்: கட்டுவது 2.40 லட்சம்; கிடைப்பது சுமார் 4.92 லட்சம்.

50 வயதில் தொடங்கினால்: கட்டுவது 1.20 லட்சம், கிடைப்பது சுமார் 1.66 லட்சம்.

முப்பதில் தொடங்கியவர் ஐம்பதில் தொடங்கியவரைப்போல் மூன்று மடங்குதான் கட்டுகிறார். ஆனால் கிடைப்பது ஏறத்தாழ ஏழு மடங்கு. பருவத்தில் விதைத்த பயிருக்கும் பருவம் தப்பி விதைத்த பயிருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எனினும் பருவம் தப்பிவிட்டது என்று நிலத்தைத் தரிசாகப் போடுவதில்லை. ஐம்பதில் இருப்பவரும் இந்த அறுவடையிலிருந்தே தொடங்கலாம்.

அறுவடையில் எடுத்து வைக்கும் முறை

உழவருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆண்டில் இரண்டு மூன்று முறைதான் பணம் வருகிறது. எனவே மாதாமாதம் சேமிக்கச் சொல்லும் யோசனை அவருக்குப் பொருந்தாது. நெல் அறுத்ததும் விதைநெல்லை எடுத்து வைத்த பிறகே மிச்சத்தைச் செலவுக்கு எடுப்பது பழைய வழக்கம். அதே முறையில், விளைபொருள் விற்ற பணம் கணக்கில் ஏறிய வாரத்திலேயே, செலவு போக நின்றதில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கிற்கு மாற்றிவிட வேண்டும். பால் பணம் வாரந்தோறும் வருமானால் அதிலிருந்து அஞ்சலகத் தொடர் வைப்புக்கு ஒரு சிறு தொகையைக் கட்டலாம்.

இத்தகைய நீண்ட காலச் சேமிப்புக்குப் பொது வருங்கால வைப்பு நிதி ஏற்றது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் இதைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிக அளவு 1.5 லட்சம் ரூபாய் கட்டலாம். மாதந்தோறும் கட்ட வேண்டும் என்பதில்லை. அறுவடைக்கு அறுவடை கட்டலாம். காலம் 15 ஆண்டுகள். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். 2025ஆம் ஆண்டில் இதற்கு வட்டி 7.1 சதவீதம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அரசு வட்டி விகிதத்தை அறிவிப்பதால், கட்டும்போது கேட்டுத் தெரிந்துகொள்க. நினைத்தபோது எடுக்க முடியாது என்பதே இதன் நன்மை. திருமணத்திற்கும் வீடு கட்டுவதற்கும் வேறு சேமிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். முதுமைக்கான பணத்தில் கை வைக்கக் கூடாது.

அரசின் ஓய்வூதியத் திட்டங்கள்

பிரதமரின் கிசான் மான்தன் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2 எக்டர், அதாவது சுமார் 5 ஏக்கர் வரை சாகுபடி நிலமுள்ள 18 முதல் 40 வயதுக்குட்பட்ட சிறு, குறு உழவர்களுக்கானது இது. சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை கட்ட வேண்டும். 18 வயதில் 55, 30 வயதில் 105, 40 வயதில் 200 ரூபாய். உழவர் கட்டும் அளவுக்கு மத்திய அரசும் கட்டுகிறது. 60 வயது முதல் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் கிடைக்கும். ஓய்வூதியம் பெறுபவர் காலமானால் துணைவருக்குப் பாதித் தொகை தொடரும், பிள்ளைகளுக்கு வராது. மனைவியும் தனியே பணம் கட்டிச் சேர்ந்து, தனியே 3,000 ரூபாய் பெறலாம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி போன்ற வேறு திட்டங்களில் இருப்போரும் வருமான வரி செலுத்துவோரும் சேர இயலாது. ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நில ஆவணம் ஆகியவற்றுடன் பொதுச் சேவை மையத்தை அணுகி, நடப்பு விதிகளை உறுதி செய்துகொண்டு சேரலாம். பி.எம். கிசான் உதவித்தொகை பெறுவோர் அதிலிருந்தே தவணையைக் கழிக்கச் சம்மதம் தரலாம்.

அடல் ஓய்வூதியத் திட்டம் 2015இல் வந்தது. இதிலும் சேரும் வயது 18 முதல் 40 வரை. நிலம் இல்லாதவரும் வங்கி அல்லது அஞ்சலக சேமிப்புக் கணக்கின் மூலம் சேரலாம். மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரையிலான ஓய்வூதியத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 5,000 ரூபாய் ஓய்வூதியத்திற்கு 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேருபவர் 577 ரூபாயும், 40 வயதில் சேருபவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். சந்தாதாரருக்குப் பின் துணைவருக்கு அதே ஓய்வூதியம் கிடைக்கும். இருவருக்கும் பின் சேர்ந்த நிதி நியமனதாரருக்குச் செல்லும். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் புதிதாகச் சேர இயலாது.

இரு திட்டங்களிலும் 40 வயது முடிந்தால் கதவு அடைபடுகிறது. ஆகவே 38, 39 வயதில் இருப்போர் தள்ளிப்போடாமல் விசாரிக்க வேண்டும். வீட்டிலுள்ள இளைஞர்களையும் இப்போதே சேர்த்துவிடுதல் நல்லது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இத்தொகை விலைவாசிக்கு ஏற்ப உயராது. 6 சதவீத விலை உயர்வில், இன்று 36 வயதுள்ளவர் 60 வயதில் பெறும் 3,000 ரூபாய், இன்றைய 750 ரூபாய்க்கு வாங்குவதைத்தான் வாங்கும். எனவே ஓய்வூதியம் முதுமைக்கு ஒரு கால் மட்டுமே. விலைவாசியோடு சேர்ந்து ஏறக்கூடிய இன்னொரு கால் வேண்டும். அது உழவரின் நிலத்திலேயே இருக்கிறது.

மரங்களில் முதலீடு

நெல், பருத்தி, காய்கறிப் பயிர்களுக்கு நாள்தோறும் ஆள் வேண்டும். நிலைத்துவிட்ட மரத்திற்கு அவ்வளவு வேலை இல்லை. காய்ப்பைக் குத்தகைக்கு விடலாம். பறிப்பதும் சுமப்பதும் குத்தகைதாரர் வேலை. விளைபொருளின் விலை நீண்ட காலத்தில் மற்ற விலைகளோடு சேர்ந்தே உயரும்.

பாசன வசதியுள்ள இடத்தில் தென்னையை 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 கன்றுகள் பிடிக்கும். நெட்டை இரகம் 6, 7 ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்து, 60 ஆண்டுகளுக்கும் மேல் பலன் தரும். 45 வயதில் நட்டால் 60 வயதில் மரம் முழுக் காய்ப்பில் இருக்கும். ஏக்கர் கணக்கில் நட இயலாதவர் கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் 20 கன்றுகள் நட்டாலும் பலன் உண்டு. மானாவாரி நிலத்திற்குப் புளி ஏற்றது. ஒட்டுக்கன்றுகள் விதைக்கன்றுகளைவிட விரைவில் காய்க்கும். வரப்போரங்களில் மலைவேம்பு வளர்த்தால் 6 முதல் 8 ஆண்டுகளில் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு விற்கலாம். சவுக்கு 3, 4 ஆண்டுகளில் காகித ஆலைக்கு ஏற்ற பருவம் அடையும். தேக்குக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே அதை முப்பதுகளில் நட வேண்டும். மண், மழை ஆகியவற்றுக்கேற்ற மரத்தை மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியிலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். தேக்கு, சந்தனம், செம்மரம் முதலியவற்றை வெட்டவும் எடுத்துச் செல்லவும் உள்ள விதிகளை, நடுவதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டறிய வேண்டும்.

தடிமரங்களை ஒரே ஆண்டில் நடக் கூடாது. ஒரே ஆண்டில் நட்டவை ஒரே ஆண்டில் வெட்டுக்கு வரும். அந்த ஆண்டு விலை இல்லையென்றால் எல்லாம் போயிற்று. இரண்டாண்டுக்கு ஒரு வரப்பு என நட்டு வந்தால் இரண்டாண்டுக்கு ஒரு வெட்டு கிடைக்கும்.

மரத்தை மட்டுமே நம்புவதும் கூடாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. தென்னந்தோப்பையே முதுமைக்கு நம்பியிருந்தவர்கள் மீண்டும் கன்று நட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பொள்ளாச்சிப் பகுதித் தோப்புகளை வெள்ளை ஈயும் வாடல் நோயும் தாக்கியுள்ளன. மரம் ஒரு பக்கம், வைப்புத்தொகை ஒரு பக்கம், ஓய்வூதியம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தவருக்கு ஒன்று சாய்ந்தாலும் மற்றது தாங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று ஏக்கர் தோட்டக்கால் நிலமுள்ள ஒரு தம்பதியர் எனக் கொள்ளலாம். கணவருக்கு வயது 40, மனைவிக்கு 36. கிசான் மான்தன் திட்டத்தில் கணவர் மாதம் 200 ரூபாயும் மனைவி 160 ரூபாயும் கட்டினால் ஆண்டுக்கு 4,320 ரூபாய் ஆகும். பி.எம். கிசான் தொகையான ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைத்துவந்தால் அதற்குள் இது அடங்கிவிடும். அறுவடைப் பணத்தில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. கிணற்றைச் சுற்றி 20 தென்னை. வரப்பில் இரண்டாண்டுக்கு ஒரு வரிசை மலைவேம்பு.

கணவருக்கு 60 வயதாகும்போது ஓய்வூதியம் 3,000 ரூபாய் வரும். வைப்பு நிதியில் சேர்ந்த 4.92 லட்சத்தை 8 சதவீதத்தில் போட்டால் மாதம் சுமார் 3,280 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து மனைவியின் 3,000 ரூபாயும் சேரும். மொத்தம் 9,280 ரூபாய். மரத்திற்கு 80 காய் வீதம் 20 மரத்தில் ஆண்டுக்கு 1,600 தேங்காய். மலைவேம்பு வெட்டும் ஆண்டில் மொத்தமாக ஒரு தொகை. பெரிய செல்வம் இல்லைதான். ஆனால் மருந்துக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. நிலத்தின் குத்தகை இதற்கு மேல் வருவது.

அறுபது வயதுக்குப் பின்

சேர்த்த தொகையைக் கையில் வைத்திருந்தால் கரைந்துவிடும். 60 வயது முடிந்தவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உள்ளது. 2025இல் இதற்கு வட்டி 8.2 சதவீதம், ஒரு லட்சத்திற்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை 2,050 ரூபாய் கிடைக்கும். காலம் 5 ஆண்டுகள். உச்சவரம்பு 30 லட்சம். மாதந்தோறும் பணம் வேண்டுவோர் அஞ்சலக மாத வருவாய்த் திட்டத்தில் சேரலாம். 2025இல் 7.4 சதவீத வட்டியில் ஒரு லட்சத்திற்கு மாதம் சுமார் 616 ரூபாய் கிடைத்தது. கணவன் மனைவி கூட்டுக் கணக்காகத் தொடங்குவது நல்லது. எல்லா வைப்புகளிலும் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆசை வார்த்தைகளில் எச்சரிக்கை

1990களில் தேக்கு வளர்த்து லட்சங்கள் தருவதாகக் கூறிப் பல நிறுவனங்கள் பணம் திரட்டின. போட்டவர்கள் பலர் முதலையும் இழந்தனர். 2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பகுதியில் ஈமு வளர்ப்பு நிறுவனங்கள் சரிந்தன. குஞ்சுகள் கொடுத்து, தீவனமும் தந்து, மாதந்தோறும் பணமும் தருவதாகச் சொல்லி முதலீடு வாங்கியிருந்தார்கள். பணம் நின்றபோது பறவைகளுக்குத் தீவனம் போடக்கூட வழியில்லாமல் உழவர்கள் தவித்தனர். விளைபொருளை வெளிச்சந்தையில் வாங்குவோர் யார் என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் உண்மை விளங்கியிருக்கும். வங்கி தருவதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வட்டி தருவதாக எவர் சொன்னாலும் விலகி நிற்பதே நலம்.

வங்கி வைப்புக்கு, 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க வைப்புக்கும் சீட்டுக்கும் இக்காப்பீடு கிடையாது. கடனுக்குச் சங்கத்தைப் பயன்படுத்தலாம்; முதுமைக்கான பெருந்தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைக்கலாம்.

எழுதிக் கொடுக்கும் முன்

நாற்பது ஆண்டுகள் சேர்த்ததை ஒரே கையெழுத்தில் இழப்பதும் உண்டு. பாகம் பிரிக்கும்போது நிலம், கிணறு, வீடு அனைத்தையும் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டு, பின்னர் தாம் நட்ட தென்னையில் ஓர் இளநீர் பறிக்க அனுமதி கேட்கும் பெற்றோர் ஊருக்கு ஊர் உண்டு. பிள்ளைகள் கெட்டவர்கள் என்பதல்ல. அவர்களுக்கும் கடன் வருகிறது, நிலம் அடமானம் போகிறது, பின் கைமாறுகிறது.

செட்டில்மென்ட் பத்திரம் பதிவானதும் உரிமை பெற்றவருக்குப் போய்விடும். நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயில் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை நிலம் அவருடையதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை எனினும் செய்துவைத்தால் பின்னர் வழக்கு குறையும்.

உயிருடன் இருக்கும்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கும் மனைவிக்கும் நிறுத்திக்கொண்டு எழுத வேண்டும். கிணறும் வழியும் உள்ள ஒரு பகுதியையாவது தம் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், 'பெற்றோருக்கு உணவு, மருத்துவம் முதலிய தேவைகளைச் செய்து வர வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். நிபந்தனை இருந்தது என்பதை மெய்ப்பிப்பது முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியுள்ளது. வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு.

கணவர் முந்திக்கொண்டால் மனைவி நிலை என்ன என்பதையும் எண்ண வேண்டும். பட்டாவில் மனைவி பெயர் இல்லாமலும், வங்கிக் கணக்கு எங்கிருக்கிறது என்றுகூடத் தெரியாமலும் இருக்கும் குடும்பங்கள் பல. பத்திரம், கணக்குப் புத்தகம், ஓய்வூதிய அட்டை ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து மனைவிக்குக் காட்டி விளக்க வேண்டும்.

வயதுக்கேற்ற வேலைகள்

1. 18 முதல் 40 வரை: கணவன் மனைவி இருவரும் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்தல், வருங்கால வைப்பு நிதி தொடங்குதல், தேக்கு போன்ற நீண்ட கால மரங்கள் நடுதல்.

2. 40 முதல் 50 வரை: வெளிக்கடன்களை முடித்தல், தென்னை, புளி நடுதல், அறுவடைதோறும் எடுத்து வைக்கும் தொகையை உயர்த்துதல். ஓய்வூதியத்தில் சேரத் தவறியவர்கள் வைப்பு நிதியில் கூடுதலாகக் கட்டுதல்.

3. 50 முதல் 60 வரை: மலைவேம்பு, சவுக்கு போன்ற குறுகிய கால மரங்கள், ஆள் தேவை குறைந்த சாகுபடிக்கு மெல்ல மாறுதல், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியிருந்தால் பெறுதல், உயில் எழுதுதல்.

4. 60க்குப் பின்: சேர்ந்த தொகையை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுதல், முதல் சில ஆண்டுகளில் வட்டியில் ஒரு பங்கை மீண்டும் சேமித்தல், எவருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதிருத்தல்.

உழவர் பெருமக்கள் வரும் அறுவடைப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, மழைக்காலத்திற்குள் வரப்பில் பத்துக் கன்றுகளை நட்டு இத்திட்டத்தைத் தொடங்கலாம். தம் பெயரில் பட்டா, தம் பெயரில் வைப்பு, தம் கையால் நட்ட மரம் ஆகிய மூன்றும் இருந்தால், உடல் தளர்ந்த காலத்திலும் உழவர் தம் வீட்டுத் திண்ணையில் நிமிர்ந்து உட்காரலாம்.